மும்பையில் வீடியோ எடிட்டர் வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருபவர்களுக்கும் உதவும். கேட்டவர் தாராவியில் இருக்கிறார். பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருடமாகக் கல்யாண வீடியோக்களையும் சில யூடியூப் சேனல்களுக்கான வீடியோக்களையும் எடிட் செய்கிறார். பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளைத் தானாகவே கற்றார். இனி ஒரு கம்பெனியில் மாதச் சம்பளத்துக்குச் சேர வேண்டும். ஷோரீல் (செய்த வேலைகளின் சிறு தொகுப்பு) எத்தனை நிமிடம் இருக்கலாம், ஆவிட் என்ற எடிட்டிங் மென்பொருள் தெரியாமல் விண்ணப்பிக்கலாமா, பெரிய தொகை கட்டிச் சான்றிதழ் படிப்பில் சேர வேண்டுமா, இல்லை சென்னைக்கே போய்விடலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். நான்கையும் சேர்த்துப் படித்தால், உள்ளே இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: முன்பின் தெரியாத ஒருவர், லட்சக்கணக்கில் செலவழித்து எடுத்த ஃபுட்டேஜை என் கையில் எதை நம்பிக் கொடுப்பார்?

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தேரி மேற்கு, ஓஷிவாரா பக்கத்து ஸ்டுடியோக்களில் விளம்பரம், ஓடிடி புரோமோ, கார்ப்பரேட் படம், சில ஆவணப்படங்கள் என்று பல வருடங்களாக எடிட் செய்கிறேன். புதிதாக அசிஸ்டென்ட் எடுக்கும்போது வரும் மெயில்களைப் பார்த்து, யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்வதும் என் வேலையில் ஒரு பகுதி. செய்திச் சேனலிலும் கேமிங் வீடியோவிலும் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே வேகத்துக்குத்தான் முதல் மரியாதை என்று நண்பர்கள் சொல்லக் கேட்டதோடு சரி. ஆகவே கீழே இருப்பதை விளம்பரம், புரோமோ, நேர்காணல் சார்ந்த வேலைகளுக்கு உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு அந்தந்த இடத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு எடிட்டரை நம்புவதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, எதை வைப்பது எதை விடுவது என்ற ரசனை. இன்னொன்று, கொடுத்த பொருள் தொலையாமல், குழம்பாமல், அடுத்தவர் கைக்கு ஒழுங்காகப் போய்ச் சேருமா என்பது. விண்ணப்பிக்கிறவர்களில் பெரும்பாலோர் முதலாவதற்கு மட்டும் தயாராகிறார்கள். ஆனால் ஆரம்ப நிலை வேலையில் உங்களை எடுக்கப்போவது பெரும்பாலும் இரண்டாவதற்காக. சேர்ந்த புதிதில் யாரும் உங்களிடம் ஒரு விளம்பரத்தின் முதல் வெட்டைக் கேட்கமாட்டார்கள். கார்டிலிருந்து ஃபுட்டேஜ் இறக்குவது, இரண்டாவது டிஸ்க்கில் காப்பி எடுத்துச் சரிபார்ப்பது, சத்தத்தையும் படத்தையும் பொருத்தி சிங்க் செய்வது, எடிட் செய்ய வசதியாகச் சிறிய அளவு ப்ராக்ஸி காப்பிகள் போடுவது, ஷாட்டுகளைப் பிரித்துப் பெயர் வைப்பது, பிக்சர் லாக் ஆன பிறகு, அதாவது வெட்டு இனி மாறாது என்று முடிவான பிறகு, கலருக்கும் சவுண்டுக்கும் அனுப்புவது, இதுதான் அசிஸ்டென்ட்டின் நாள். இதைச் செய்யத் தெரியும் என்று விண்ணப்பத்திலேயே காட்டுபவர்கள் மிகக் குறைவு. நீங்கள் அந்தச் சிலரில் ஒருவராக இருக்க முடியும், அதற்குப் பணம் தேவையில்லை.

முதலில் ஷோரீல். ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம் போதும். பார்க்கிறவர் முதல் பத்து வினாடியிலேயே தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்துவிடுகிறார், ஆகவே உங்கள் பெயர் சுழன்று வந்து நிற்கும் அனிமேஷனில் அந்தப் பத்து வினாடியைச் செலவழிக்காதீர்கள். ஆனால் ரீலை மட்டும் வைத்து ஒருவரை எடைபோட முடியாது. ஒரு வேகமான பாட்டை அடியில் போட்டு, தாளத்துக்குத் தாளம் அழகான ஷாட்டுகளை வெட்டிவைத்தால் எல்லோருடைய ரீலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதில் கேமராமேன் தெரிகிறார், இசையமைப்பாளர் தெரிகிறார், எடிட்டர் தெரிவதில்லை. எனவே ரீலோடு முழுமையான இரண்டு வீடியோக்களை, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம், சேர்த்து அனுப்புங்கள். நான் ரீலைப் பாதியில் நிறுத்திவிட்டு அவற்றைத்தான் திறப்பேன்.

கல்யாண வீடியோக்காரர் என்று உங்களையே குறைத்து எழுதியிருக்கிறீர்கள். அது வேண்டாம். கல்யாண ஃபுட்டேஜில் நிஜமான முகங்களும் நிஜமான சத்தமும் இருக்கின்றன, விளம்பரத்தில் அவற்றை உண்டாக்கப் படாதபாடு படுகிறோம். உங்களிடம் இருக்கும் ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் ஷாட், ஸ்லோ மோஷன், சினிமாப் பாட்டு மூன்றையும் கழற்றிவையுங்கள். மூன்று நிமிடம், மண்டபத்துச் சத்தம் மட்டும். பெண்ணின் அப்பா சாப்பாட்டுக் கூடத்துக்கும் மேடைக்கும் இடையில் அலைகிறார், யாரோ அவரிடம் சாவி கேட்கிறார்கள், புரோகிதர் குரல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. தாலி கட்டும் இடம் வரும்போது மணமக்களுக்கு நேராகப் போகாதீர்கள். அப்பா முகத்திலேயே இருங்கள், கெட்டிமேளச் சத்தம் அந்த ஷாட்டின் மேலேயே தொடங்கட்டும், அவர் நிமிர்ந்து பார்க்கட்டும், அதன் பிறகு மேடைக்கு வெட்டுங்கள். சத்தம் முன்னால், படம் பின்னால். இதைத்தான் ஜே கட் என்கிறோம், அதை ஏன் எங்கே போட வேண்டும் என்று தெரிந்தவர் இவர் என்பதற்கு அந்த ஒரு வெட்டு போதும். ஒன்று மட்டும் மறக்கவேண்டாம்: அந்தக் குடும்பத்திடமும் உங்களுக்கு வேலை கொடுத்த ஸ்டுடியோவிடமும் அனுமதி கேட்டுக்கொண்டே வெளியே காட்டுங்கள்.

இரண்டாவது வீடியோவைப் புதிதாக உருவாக்கச் சொல்வேன். ஒரு நேர்காணல். மாட்டுங்காவில் பூக்கட்டி விற்கும் நம் ஊர்க்காரர் யாரிடமாவது அனுமதி வாங்கி, போனிலும் ஒரு சட்டை மைக்கிலும் முப்பது நாற்பது நிமிடம் பேசவிட்டு எடுங்கள். அவர் கைகள், மூட்டை பிரிப்பது, நார் கிழிப்பது, வாடிக்கையாளரோடு பேரம், இவற்றைத் தனியாக எடுத்துவையுங்கள். பிறகு அந்த நாற்பது நிமிடப் பேச்சை மூன்று நிமிடமாக்குங்கள். இதில்தான் எடிட்டிங் என்ற வேலை முழுதாக இருக்கிறது. அவர் தொடக்கத்தில் அரைகுறையாகச் சொல்லி, இருபது நிமிடம் கழித்துத் தெளிவாகச் சொன்ன ஒன்றை எங்கே வைப்பீர்கள்? இரண்டு வாக்கியத்தை ஒட்டவைத்தபோது குரலின் ஏற்ற இறக்கம் பொருந்துகிறதா? வெட்டிய இடத்தில் பின்னணி இரைச்சல் திடீரென்று மாறுகிறதா? ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் பூவைக் கட்டிக்கொண்டே இருந்த நான்கு வினாடியை விட்டுவைக்கத் துணிவு இருக்கிறதா? எழுதிய வசனம், ஏற்பாடு செய்த லைட் எதுவும் இல்லாமல், ஒரு மனிதரின் பேச்சிலிருந்து ஒரு கதையை எடுத்துவருகிறவரை எந்தத் துறையிலும் பயன்படுத்திக்கொள்ள முடியும். இங்கே கம்பெனிகள் எடுக்கும் வீடியோக்களில் பாதிக்கு மேல் அடிப்படையில் யாரோ ஒருவர் கேமரா முன் உட்கார்ந்து பேசுவதுதான்.

அந்த நேர்காணல் தமிழில் இருந்தால் ஆங்கில சப்டைட்டில் போடுங்கள், பார்க்கிறவர் மராத்தியோ பஞ்சாபியோ ஆக இருப்பார். ஷாட் மாறிய பிறகும் பழைய சப்டைட்டில் அரைகுறை நொடி தொங்கி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பலரும் தொடாத பகுதி. உங்கள் ப்ராஜெக்டை வேறொருவர் திறந்தால் என்ன தெரியும்? வருகிற ப்ராஜெக்டுகளில் நான் பார்ப்பது இது: டெஸ்க்டாப்பில் பாதி ஃபுட்டேஜ், டவுன்லோட்ஸில் மீதி, வாட்ஸாப்பில் வந்த இசை, 'நியூ ஃபோல்டர் 2', 'சீக்வென்ஸ் 01 காப்பி காப்பி', திறந்தவுடன் திரை முழுக்க மீடியா ஆஃப்லைன், அதாவது ஃபைலைக் காணோம் என்ற சிவப்பு. எடிட் எவ்வளவு நன்றாக இருந்தாலும், இவரிடம் ஒரு ஷூட்டின் டிஸ்க்கைக் கொடுக்கப் பயம் வந்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியது எளிது. ஒரு வேலைக்கு ஒரே தாய் ஃபோல்டர். அதற்குள் கேமரா, சவுண்ட், இசை, கிராஃபிக்ஸ், ப்ராஜெக்ட் ஃபைல், எக்ஸ்போர்ட் என்று தனித்தனி. எண் போட்டு வரிசைப்படுத்துங்கள். வெர்ஷன்களுக்குத் தேதியும் எண்ணும் கொடுங்கள், 'ஃபைனல்' என்ற சொல்லையே பயன்படுத்தாதீர்கள். பிறகு அந்தத் தாய் ஃபோல்டரை ஒரு வெளி டிஸ்க்கில் காப்பி செய்து, நண்பர் ஒருவர் கம்ப்யூட்டரில், உங்கள் உதவி இல்லாமல் அவரையே திறக்கச் சொல்லுங்கள். எல்லா ஃபைலும் கண்டுபிடிக்கப்பட்டு டைம்லைன் ஓடினால் தேறிவிட்டீர்கள். விண்ணப்ப மெயிலில் 'கேட்டால் இந்த நேர்காணலின் முழு ப்ராஜெக்டையும் அனுப்புகிறேன்' என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை எழுதியவர்களை நான் பெரும்பாலும் கூப்பிட்டிருக்கிறேன்.

தொழில்நுட்பத்தில் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு, இவற்றில் அபிப்பிராயத்துக்கு இடமில்லை. இந்தியத் தொலைக்காட்சிக்கு வினாடிக்கு 25 ஃபிரேம், சினிமாவுக்கு 24, போன்கள் பொதுவாக 30. அதிலும் போன் ஃபுட்டேஜ் நிலையான 30 ஆக இராமல் ஏறி இறங்கும், நீண்ட ஷாட்டில் போகப்போக உதடும் குரலும் பிரிந்துவிடும். எனவே டைம்லைனில் போடும் முன் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றுங்கள், ஹேண்ட்பிரேக், ஷட்டர் என்கோடர் போன்ற இலவச மென்பொருள்களே போதும். சத்த அளவைக் காதால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஐரோப்பிய ஒளிபரப்புத் தரம் மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (சத்த அளவின் அலகு), நெட்ஃபிளிக்ஸ் வசனத்தை வைத்து அளந்து மைனஸ் 27 கேட்கிறது, யூடியூப் சுமார் மைனஸ் 14க்கு மேல் போனால் தானே குறைத்துவிடுகிறது. இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்லத் தேவையில்லை, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு அளவு உண்டு, அதைக் கேட்டுக்கொண்டுதான் எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும் என்ற பழக்கம் இருந்தால் போதும்.

லாக் ஆன எடிட்டை அடுத்தவருக்கு அனுப்புவதையும் வீட்டிலேயே பழகலாம். கலருக்கு, எந்த ஷாட் எங்கே வெட்டப்பட்டது என்று சொல்லும் எக்ஸ்எம்எல் அல்லது ஈடிஎல் ஃபைல், கூடவே பார்த்துச் சரிபார்க்க ஒரு வீடியோ. சவுண்டுக்கு, சத்தக் கிளிப்புகளை அடுக்கு மாறாமல் கொண்டுபோகும் ஏஏஎஃப் ஃபைல், ஒவ்வொரு கிளிப்பின் இரு பக்கமும் சில வினாடி உபரியோடு. படம் தொடங்குவதற்குச் சரியாக இரண்டு வினாடி முன்னால் ஒரே ஒரு ஃபிரேம் நீளத்துக்கு ஒரு 'பீப்' வைப்போம். படம் ஒரு மணி டைம்கோடில் (மணி, நிமிடம், வினாடி, ஃபிரேம் என்று எண்ணும் கணக்கில்) தொடங்கினால் அந்த பீப் 00:59:58:00-இல் இருக்கும். சவுண்ட் ஸ்டுடியோவிலிருந்து மிக்ஸ் திரும்பி வரும்போது அந்த ஒரு ஃபிரேமை வைத்துத்தான் படத்தோடு பொருத்துவோம். பிரீமியரிலிருந்து எக்ஸ்எம்எல் எடுத்து, கலரும் எடிட்டிங்கும் செய்யும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் திறந்து பாருங்கள். எந்த எஃபெக்ட் வந்தது, எது உடைந்தது, வேகம் மாற்றிய ஷாட் சரியாக வந்ததா என்று ஒருமுறை கண்ணால் பார்த்தவர், நேர்முகத்தில் இதைப் பற்றிக் கேட்டால் தடுமாறமாட்டார்.

இப்படி வந்தால் ஆவிட் பற்றிய கேள்வி பாதி கரைந்துவிடும். பெரிய படங்களிலும், பலர் ஒரே நேரத்தில் ஒரே ஃபுட்டேஜில் வேலை செய்யும் ரியாலிட்டி ஷோக்களிலும் ஆவிட் இன்னும் ஆட்சி செய்கிறது. ஒருவர் திறந்திருக்கும் 'பின்'னை (ஷாட்டுகளை வைக்கும் ஃபோல்டரை) இன்னொருவர் கெடுத்துவிடாமல் பூட்டிவைக்கும் அதன் முறை அங்கே உயிர்நாடி. கோரேகாவ் ஃபிலிம் சிட்டி பக்கம் ரியாலிட்டி ஷோவுக்குத்தான் போக வேண்டும் என்றால் ஆவிட் பழகுங்கள். விளம்பரம், டிஜிட்டல், கம்பெனிகளின் உள் வீடியோ டீம், யூடியூப் என்றால் பிரீமியரோடு தாராளமாக விண்ணப்பிக்கலாம். இரண்டாவதாக ஒன்று கற்பதானால் டாவின்சி ரிசால்வ் என்பேன். இலவசப் பதிப்பே 4கே அல்ட்ரா ஹெச்டி வரை எக்ஸ்போர்ட் செய்யும், அதைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் நிறுவனம் பாடப் புத்தகங்களையும் பயிற்சி ஃபுட்டேஜையும் தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. சில 10 பிட் கேமரா ஃபைல்கள் இலவசப் பதிப்பில் திறக்காமல் போகலாம், அப்போது ஃபைலை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எந்த மென்பொருளானாலும் கீபோர்டில் பழகுங்கள். ஜே, கே, எல் விசைகளில் ஓடவிட்டு, ஐ, ஓ விசைகளில் தொடக்கமும் முடிவும் குறித்து, மவுஸைத் தொடாமல் ஒரு நேர்காணலை முதல் சுற்று வெட்ட முடிகிறவரை டெஸ்ட் நாளன்று பின்னால் நின்று பார்ப்பவர் உடனே கண்டுகொள்வார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மும்பையில் உங்களுக்கு இருக்கும் பெரிய பலமே அதுதான். தேசிய அளவிலான விளம்பரங்கள் பல இங்கே ஹிந்தியில் மாஸ்டராகத் தயாராகி, பிறகு தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், வங்காளம் என்று மொழி வெர்ஷன்கள் ஆகின்றன. ஓடிடி புரோமோக்களும் அப்படியே. ஹிந்தியில் 20 வினாடிக்குள் அடங்கிய வாய்ஸ் ஓவர் தமிழில் பெரும்பாலும் வழிந்து வெளியே வரும். எந்த ஷாட்டை நான்கு ஃபிரேம் நீட்டுவது, எந்த இடத்தில் குரலை அடுத்த ஷாட் மேல் ஏற்றுவது என்று தமிழ் கேட்டுப் புரிகிற எடிட்டரால்தான் சொல்ல முடியும். மொழி தெரியாதவர் வாக்கியத்தின் நடுவில் வெட்டிவிடுவார், அது அவருக்கே தெரியாது.

திரையில் வரும் எழுத்தும் அப்படித்தான். பிரீமியரிலும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் டெக்ஸ்ட் எஞ்சினை 'சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றாவிட்டால், 'கொ' என்று அடித்தால் கொம்பு இடப்பக்கம் போகாமல் ககரத்துக்கு வலப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படியே ரெண்டர் ஆகி, அப்படியே அப்ரூவ் ஆகி, தமிழ்நாட்டு வீட்டு டிவி வரைக்கும் போய்விடும், ஏனென்றால் அந்த அறையில் இருந்த யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. இன்னொரு தொல்லை பழைய ஃபாண்ட்டுகள். ஏஜென்சியிலிருந்து வரும் தமிழ் வாசகம் யூனிகோடில் இருக்கும், டிசைனர் பாமினி போன்ற யூனிகோடு அல்லாத ஃபாண்ட்டைத் தேர்ந்தால் எழுத்துகள் தாறுமாறாக வரும். இதையெல்லாம் சரிசெய்யத் தெரியும் என்பதை விண்ணப்பத்தில் ஒரு தனி வரியாக எழுதுங்கள். முடிந்தால் ஹிந்தி விளம்பரம் போல் நீங்களே ஒரு 20 வினாடி வீடியோ செய்து, அதன் தமிழ் வெர்ஷனையும் பக்கத்தில் வையுங்கள். எடிட் ரூமில் பேசுவது ஹிந்திதான், தாராவியில் வளர்ந்தவருக்கு அதில் சிரமம் இராது. இரண்டு மொழியும் காதில் ஓடுகிற எடிட்டர் கிடைப்பது இங்கே உண்மையிலேயே கடினம்.

சான்றிதழுக்கு வருகிறேன். ஆரம்ப நிலை வேலைக்கு ஒரு தனியார் மையத்தின் சான்றிதழைப் பார்த்து நான் யாரையும் கூப்பிட்டதில்லை, என்னோடு ஆள் எடுக்கும் மற்றவர்களும் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. மென்பொருள் ஏற்கெனவே கற்றுவிட்டீர்கள். மிச்சம் வேண்டியது, உங்கள் வெட்டைப் பார்த்து 'இது ஏன் இங்கே?' என்று கேட்க ஒரு ஆள். அதை உண்மையாகவே தரும் இடங்கள் உண்டு. புனேயின் எஃப்டிஐஐ (திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரி) 1960-இல் தொடங்கிய அரசு நிறுவனம், மூன்று வருட எடிட்டிங் படிப்போடு, பட்டதாரிகளுக்கு ஒரு வருட வீடியோ எடிட்டிங் படிப்பும் அதன் தொலைக்காட்சிப் பிரிவில் நடத்திவருகிறது, நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கொல்கத்தாவில் சத்யஜித் ரே திரைப்படக் கல்லூரி இருக்கிறது. அந்தப் படிப்புகளுக்கு அத்தனை காலம் ஒதுக்க முடிந்தால் தயங்காமல் போங்கள். முடியாவிட்டால், கடன் வாங்கி மூன்று மாதப் படிப்பில் சேர்வதைவிட அந்தப் பணத்தில் ஒரு நல்ல எஸ்எஸ்டியும் காது மூடும் ஹெட்போனும் வாங்குங்கள். தமிழ் சினிமாவின் எடிட்டிங் பரம்பரையே அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்து வந்ததுதான். இயக்குநர் ஏ. பீம்சிங், இரட்டை இயக்குநர்களான கிருஷ்ணன் - பஞ்சுவிடம் உதவி எடிட்டராகத் தொடங்கியவர், அவர் மகன் பி. லெனினும் எடிட்டராகித் தேசிய விருதுகள் வாங்கினார். ஒருவரின் அருகில் உட்கார்ந்து கற்கும் அந்த வழி இன்றும் திறந்தே இருக்கிறது, சம்பளம் குறைவாகத் தொடங்கும் என்பது மட்டும்தான் அதன் விலை.

உறுதியில்லாத ஒரு விஷயம் செயற்கை நுண்ணறிவு. பேச்சை எழுத்தாக்கி, எழுத்தை அழித்தால் வீடியோவும் வெட்டுப்படும் வசதி பிரீமியரில் 2023-இலேயே வந்துவிட்டது. இடைவெளிகளைத் தானே நீக்குவது, கிடைமட்ட வீடியோவைச் செங்குத்தாக மாற்றுவது எல்லாம் இயந்திரம் செய்கிறது. இவற்றை மட்டுமே செய்யத் தெரிந்தவருக்கு வேலை சுருங்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மொத்தத்தில் புதியவர்களுக்கான இடங்கள் எவ்வளவு குறையும் என்பதில் யார் எண்ணிக்கை சொன்னாலும் நான் நம்பமாட்டேன். இந்த வசதிகளைப் பயன்படுத்திப் பழகுங்கள், மறைக்காதீர்கள். அவை தவறாக வெட்டிய இடத்தைக் காட்டி ஏன் தவறு என்று சொல்ல முடிகிறவராக இருங்கள்.

விண்ணப்பிக்கும் விதம் பற்றிச் சில வரிகள். மெயில் ஐந்தாறு வரிக்குள் இருக்கட்டும்: எந்த வேலைக்கு, என்ன தெரியும், ரீல், இரண்டு வீடியோ, போன் நம்பர், எப்போது சேர முடியும். லிங்க்கை அனுப்பும் முன் பிரவுசரின் இன்காக்னிடோ விண்டோவில் திறந்து பாருங்கள். கூகுள் டிரைவ் 'அனுமதி கேளுங்கள்' என்று நின்றால் அங்கேயே உங்கள் விண்ணப்பம் முடிந்தது, யாரும் அனுமதி கேட்டுக் காத்திருக்கமாட்டார்கள். ஒரே ஆளாக எடிட் செய்யாத வீடியோ என்றால் உங்கள் பங்கு என்ன என்று கீழே எழுதுங்கள். வெளிவராத வேலையை ஒருபோதும் காட்டாதீர்கள்: அதை எனக்குக் காட்டுகிறவர் நாளை என் வேலையை இன்னொருவருக்குக் காட்டுவார் என்றுதான் எனக்குத் தோன்றும். அந்தேரி, ஓஷிவாரா, வெர்சோவா ஆராம் நகர் பக்கம் சிறிய ஸ்டுடியோக்கள் நெருக்கமாக இருக்கின்றன. அங்கெல்லாம் விளம்பரம் போட்டு ஆள் எடுப்பதைவிட, 'தெரிந்த பையன் யாராவது இருக்கிறானா' என்று எடிட்டர்கள் ஒருவரையொருவர் கேட்டு எடுப்பதே அதிகம். எனவே கம்பெனியின் பொது முகவரிக்கு மட்டும் அனுப்பாமல், உங்களுக்குப் பிடித்த வேலையைச் செய்த எடிட்டருக்கே நேரடியாக எழுதுங்கள். எந்த வெட்டு ஏன் பிடித்தது என்று ஒரு வாக்கியம் குறிப்பாக இருந்தால் நிச்சயம் படிப்பார்.

டெஸ்ட் கொடுப்பார்கள். நான்கைந்து மணி நேரத்தில் முடிகிற, எல்லோருக்கும் ஒரே ஃபுட்டேஜ் கொடுக்கிற டெஸ்ட் நியாயமானது. தங்கள் சேனலுக்கு அப்படியே போடக்கூடிய பத்து ரீல்ஸை ஒரு வாரத்தில் முடித்துக் கொடு, பிறகு பார்க்கலாம் என்றால் அது டெஸ்ட் இல்லை, இலவச வேலை. மரியாதையாக 'ஒன்று செய்து தருகிறேன், வாட்டர்மார்க்கோடு' என்று எழுதுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள். சம்பளம் பேசும்போது தொகையை மட்டும் கேட்காதீர்கள். பேரோலா (கம்பெனி ஊழியரா) ரீடெய்னரா (மாத ஒப்பந்தமா), பி.எஃப். உண்டா, நைட் ஷிஃப்ட் எத்தனை, கடைசி லோக்கல் போன பிறகு வேலை முடிந்தால் வண்டி தருவார்களா, ஒரு வேலைக்கு எத்தனை முறை திருத்தம் வரும் என்று கேளுங்கள். மாஹிமில் ஏறினால் அந்தேரி தூரமில்லை, ஆனால் இரவு இரண்டு மணிக்கு அது வேறு தூரம். இந்தக் கேள்விகளைக் கேட்டதற்காக ஒரு நல்ல இடம் உங்களைத் தவறாக நினைக்காது.

கடைசியாகச் சென்னை. தமிழ்ப் படத்தின் எடிட்டராக வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் ஒருநாள் போகத்தான் வேண்டும், அந்த அறைகள் அங்கேதான் இருக்கின்றன. அதற்கும் அவசரம் இல்லை. ஸ்ரீகர் பிரசாத் சென்னையில் இருந்துகொண்டே தமிழ், தெலுங்கு, மலையாளம், ஹிந்தி என்று எல்லா மொழிப் படங்களையும் எடிட் செய்கிறவர், ஊர் எல்லை இந்தத் தொழிலில் அவ்வளவு கெட்டியானது இல்லை. மாதச் சம்பளம்தான் இப்போதைய தேவை என்றால் வீடும் மொழியும் தெரிந்த ஊரை விடாதீர்கள். திரைத்துறைத் தொழிற்சங்கக் கார்டு பற்றியும் இப்போது கவலைப்பட வேண்டாம், சினிமா, சீரியல் பக்கம் போகும்போது அங்கே இருப்பவர்களே வழி சொல்வார்கள். ஸ்டுடியோ, கம்பெனி வேலைக்கு அதை யாரும் கேட்பதில்லை. பூக்காரர் நேர்காணலை முடித்துவிட்டு லிங்க்கை இங்கேயே பதிலில் போடுங்கள். இன்காக்னிடோவில் திறந்து பார்த்துவிட்டுப் போடுங்கள், முழுதும் பார்த்து எந்த இடத்தில் வெட்டு இடறுகிறது என்று டைம்கோடோடு எழுதுகிறேன்.